நூல் நிலையத்தில் ஒரு தமிழ் அலமாரி

வடநாட்டு நகரம் ஒன்றில் நான் உத்தியோகம் பார்த்து வந்த காலத்தில், அவ்வூர்ப் பொது நூல் நிலையத்தின் ஒரு மூலையில் தமிழ் நூல்கள் அடங்கிய அலமாரி ஒன்று இருந்தது. அப்படி ஒன்று இருப்பதை நான் அறிந்துகொண்டதே தற்செயலாகத்தான். மழைக்கு ஒதுங்கியவன், செய்வதற்கு வேறொன்றுமின்றி அலமாரிகளைச் சுற்றி வந்தபோது, தூசி படிந்த கண்ணாடிக்குள் நம் எழுத்துக்கள் தெரிந்தன. அன்று முதல் வாரந்தோறும் சென்று ஒவ்வொரு நூலாக எடுத்து வந்தேன். பின்னர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய், சில ஆண்டுகள் கழித்து ஒரு வேலையாக அந்நகரத்திற்கு மீண்டும் வந்தபோது, பழைய பற்றினால் அங்கே சென்றேன். அலமாரி இருந்தது, அதனுள் வேறு மொழி நூல்கள் இருந்தன. நூலகர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். என் கையொப்பங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாக இருந்தன. நான் ஊரைவிட்டுப் போன தேதிக்குப் பிறகு ஒரு கையொப்பங்கூட இல்லை. கேட்பார் இல்லாத நூல்களுக்கு எத்தனை நாள் இடம் கொடுக்க முடியும் என்று அவர் என்னையே கேட்டார். நூல்கள் கட்டுக்கட்டாகக் கட்டப்பட்டுக் கிடங்கிற்குப் போயிருந்தன.

அந்நகரத்தில் அப்போது சில நூறு தமிழ்க் குடும்பங்களாவது இருந்திருக்கும். பொங்கல் விழாவும் இசை விழாவும் ஆண்டு தவறாமல் நடந்து வந்தன. ஆகவே அந்த நூலகர்மீது கோபம் கொள்ள எனக்கு வழி தோன்றவில்லை.

பொது நூல் நிலையம் என்பது நூல்களைச் சேர்த்து வைக்கும் கிடங்கு அன்று. இன்ன நூலைப் படிக்கலாம் என்று வாசகருக்கு எடுத்துச் சொல்வதும், வாசகர்களை ஓரிடத்தில் கூட்டி ஒரு நூலைப் படிக்கவும் அதைப் பற்றிப் பேசவும் செய்வதும், நூல்களை இரவல் கொடுப்பதைப் போலவே அதன் இயல்பான தொழில்கள் ஆகும். இவ்விரண்டும் எவ்வாறு நடைபெறுகின்றன, பிற மாநிலங்களில் வாழும் தமிழர் இவற்றில் எவ்வாறு பங்கு கொள்ளலாம் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

இதற்குத் தில்லிப் பொது நூல் நிலையத்தைவிடத் தக்க உதாரணம் நம் நாட்டில் கிடைப்பது அரிது. பழைய தில்லி ரயில் நிலையத்தின் எதிரே, யுத்த காலத்தில் வேவல் பிரபுவின் பெயரால் சிப்பாய்களுக்கான சிற்றுண்டிச் சாலையாக இருந்த கட்டடத்தில், 1951-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் தேதி பண்டித ஜவாஹர்லால் நேரு இதனைத் திறந்து வைத்தார். யுனெஸ்கோ ஸ்தாபனமும் இந்திய சர்க்காரும் சேர்ந்து, ஆசிய நாடுகளுக்கு ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்று ஏற்படுத்திய நிலையம் இது. தேசப் பிரிவினையால் வீடு வாசல் இழந்து வந்தவர்கள் லட்சக்கணக்கில் தில்லியில் புதிதாகக் குடியேறியிருந்த காலம் அது. எழுத்தறிந்தோர் தொகையோ நாடு முழுவதிலுமே நூற்றுக்கு இருபதுக்கும் குறைவு. அத்தகைய இடத்தில், பிணைத்தொகை கேளாமல், சந்தா வாங்காமல், பூட்டிய அலமாரியின் முன் சீட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருக்கச் சொல்லாமல், வாசகரே உள்ளே சென்று தாமே நூலைத் தொட்டுப் பார்த்து எடுக்கலாம் என்ற ஏற்பாட்டைச் செய்தது அக்காலத்துக்கு ஒரு துணிவான காரியமே. நூல்கள் காணாமற் போய்விடும் என்று அஞ்சியவர்கள் இல்லாமலில்லை. நூல்கள் பூட்டின் உள்ளே பத்திரமாக இருந்து எவருக்கும் பயன்படாமற் போவதும் ஒருவகை இழப்புத்தான் என்பதை அவர்கள் கணக்கில் கொள்ளவில்லை.

இந்நிலையத்தில் முதலிலிருந்தே சமூகக் கல்விக்கென்று ஒரு பகுதி அமைந்தது. சொற்பொழிவு, விவாதக் குழு, நாடகம், திரைப்படம், இசை கேட்டல் முதலியவற்றை அது நடத்தி வந்தது. குழந்தைகளுக்குத் தனிப் பிரிவும் கதை சொல்லும் நேரமும் இருந்தன. 1953-ஆம் ஆண்டில் நூல்களை ஏற்றிக்கொண்டு பேட்டை பேட்டையாகச் செல்லும் மோட்டார் வண்டியும் புறப்பட்டது. நூல் நிலையத்தில் நாடகத்திற்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். காரணம் எளியது. எழுத்தைப் புதிதாகக் கற்றவனுக்கு நூல் நிலையத்தின் வாயிற்படியே ஒரு மலை. அவன் நாடகம் பார்க்க வருகிறான். அருகே சென்று அந்த நாடகம் அச்சிட்ட நூலைப் புரட்டுகிறான். அடுத்த வாரம் அதனைக் கேட்டு வருகிறான். செவி வழியாக வந்தவனைக் கண் வழிக்குக் கொண்டு செல்லும் உபாயம் அது. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். நம் வீட்டுக் குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது மீண்டும் இதற்கு வருவோம்.

தில்லியில் நடந்ததற்கு முன்பே தமிழ்நாட்டில் இத்தகைய முயற்சிகளுக்கு வித்திட்டவர் ஒருவர் உண்டு. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்ந்து, லண்டனுக்குச் சென்று பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் நூலகத் துறையில் உலகெங்கும் பாடமாக உள்ளன. அவ்வாண்டிலேயே மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூல்களை அடுக்கிக் கிராமங்களுக்கு அனுப்பும் திட்டத்தைத் தொடங்கினார். அம்முயற்சியில் ரங்கநாதனுக்கும் தொடர்பு உண்டு. பின்னர் அவரும் நம்மைப்போல் வெளிமாநிலத் தமிழர் ஆனார். காசியிலும் தில்லியிலும் பணியாற்றி, இறுதியில் பெங்களூரில் வாழ்ந்து 1972-இல் மறைந்தார்.

அவருடைய விதிகளுள் இரண்டு நம் பொருளுக்கு நேராகப் பொருந்துவன. எந்த மனிதனாக இருந்தாலும் அவனுக்கு வேண்டிய நூல் எங்கோ இருக்கிறது, அதை அவனிடம் சேர்க்க வேண்டும் என்பது ஒன்று. எந்த நூலாக இருந்தாலும் அதை விரும்பும் மனிதன் எங்கோ இருக்கிறான், அவனைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதை எவரும் ஒப்புக்கொள்வர். பின்னதன் அருமை எளிதில் விளங்காது. கிடங்கிற்குப் போன என் தமிழ் நூல்கள் ஒவ்வொன்றுக்கும் அவ்வூரிலேயே வாசகர் இருந்தனர். இரண்டு தெரு தள்ளி, ஊரிலிருந்து எப்போது யார் வருவார்கள், ஒரு வாரப் பத்திரிகையாவது கொண்டு வருவார்களா என்று காத்துக்கொண்டிருந்தனர். நூலுக்கும் வாசகருக்கும் நடுவே நின்று சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

அப்படிச் சொல்வதையே நூற்பரிந்துரை என்கிறோம். புதிதாக வந்த நூல்களை வாயிலருகே தனியே பரப்பி வைப்பது அதன் மிக எளிய வடிவம். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றிய பத்துப் பன்னிரண்டு நூல்களின் பெயரை இரண்டு வரிக் குறிப்புடன் எழுதித் தொங்கவிடுவது அதற்கு அடுத்த படி. இரண்டையும்விட மேலானது, நூலகர் வாசகரோடு பேசிப் பார்த்து, சென்ற முறை எடுத்த நூல் பிடித்ததா, எங்கே அலுப்புத் தட்டியது என்று விசாரித்து, அதற்கேற்ப மற்றொன்றை எடுத்துக் கொடுப்பது. ரங்கநாதன் மிகவும் வற்புறுத்தியது இதைத்தான். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. போபாலிலோ நாகபுரியிலோ உள்ள நூலகருக்குத் தமிழ் தெரியாது. தம் அலமாரியில் இருப்பது நாவலா சமையல் நூலா என்பதே அவருக்குத் தெரியாமலிருக்கலாம். தமிழ் வாசகரைப் பொறுத்தவரை, பரிந்துரை செய்யும் வேலையில் பாதி வாசகர் தலையிலேயே விழுகிறது. இதை ஒரு பாரமாக நான் கருதவில்லை. தம் மொழிப் பிரிவை யாரேனும் கவனித்துப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் நன்றியோடு பெற்றுக்கொண்ட நூலகர்களையே நான் பெரும்பாலும் கண்டிருக்கிறேன்.

நூல்கள் எவ்வாறு நிலையத்திற்குள் வருகின்றன என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. சென்னை ராஜ்யத்தில் 1948-ஆம் ஆண்டிலேயே பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டு, வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கும் ஏற்பாடு வந்துவிட்டது. சுதந்திர இந்தியாவில் இவ்வகைச் சட்டங்களுள் இதுவே முதலாவது. பேட்டைதோறும் ஒரு கிளை நூலகம் இருப்பதைக் கண்டு பழகிய நாம், எல்லா மாநிலங்களிலும் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்த்து ஏமாறுகிறோம். சட்டமுள்ள மாநிலங்களும் உண்டு, இல்லாதனவும் உண்டு. 1972-இல் கல்கத்தாவில் ஏற்பட்ட ராஜா ராம்மோகன் ராய் நூலக நிறுவனம் மாநில நூலகங்களுக்கு நூல் வாங்க உதவி வருகிறது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியையும் பதிப்பாளர்கள் கல்கத்தா தேசிய நூலகத்திற்கும், சென்னைக் கன்னிமாரா நூலகத்திற்கும், பம்பாயில் உள்ள மத்திய நூலகத்திற்கும் அனுப்ப வேண்டும். தில்லிப் பொது நூல் நிலையமும் பின்னாளில் இந்த வரிசையில் சேர்ந்தது. கல்கத்தாவில் தமிழுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. பேராசிரியர் வையாபுரிப் பிள்ளையின் சொந்த நூற்சேகரம் அங்கேதான் உள்ளது. ஆனாலும், சட்டத்தினால் வந்து சேரும் நூல் வேறு, ஒருவர் கேட்டதனால் வரும் நூல் வேறு. பின்னதுதான் வீட்டுக்குப் போய்த் திரும்பி, ஓரம் கிழிந்து, மறுபடியும் கட்டடம் செய்யப்பட்டு உயிரோடு இருக்கும்.

இனி வாசிப்புக் கூட்டங்களுக்கு வருவோம். நம்மவர் கூட்டம் என்றால் தலைவர், முன்னிலை வகிப்பவர், வரவேற்புரை, பொன்னாடை என்று ஒரு மணி நேரம் போனபின் நூல் தலைகாட்டுவது வழக்கமாகிவிட்டது. நூலைப் படித்தவர் ஒருவர். பேசுபவர் பத்துப் பேர். இதனால் பயன் இல்லை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. அண்டையிலுள்ள கேரளத்தைப் பாருங்கள். 1945-இல் பி. என். பணிக்கர் 47 கிராம நூல் நிலையங்களை ஒன்று திரட்டி ஒரு சங்கமாக்கினார். அது மாநிலம் முழுவதும் பரவி, 1975-இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா பரிசைப் பெற்றது. பணிக்கர் மறைந்த ஜூன் 19-ஆம் தேதி அங்கே வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாட்டு வாசகசாலைகளில் ஒருவர் ஒரு நூலைப் பற்றி எடுத்துரைக்க, மற்றவர்கள் அதை மறுத்தும் உடன்பட்டும் பேசுவது வெகுகாலமாகப் பழகிப்போன ஒன்று. அங்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து அமர்பவரே தலைவர், அவரே சபை. அந்த எளிமைதான் அதன் பலம்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழருக்கு வாசிப்புக் கூட்டம் இன்னும் ஒரு வகையில் இன்றியமையாதது. நம் வீடுகளில் வளரும் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். தாயிடம் தமிழில் பேசுகிறார்கள். பள்ளியில் இந்தியோ மராத்தியோ கன்னடமோ ஆங்கிலமோ படிக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் காதால் கேட்கும் மொழி, நாவால் பேசும் மொழி. கண்ணால் காணும் மொழியாக இல்லை. அவர்கள் கையில் ஒரு தமிழ் நாவலைக் கொடுத்தால் தலைப்பைக் கூட்டிப் படிப்பதற்குள் சலிப்பு வந்துவிடும். ஆனால் அதே நாவலின் ஓர் அத்தியாயத்தை ஒருவர் நன்றாக உரக்கப் படித்தால் அவர்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறார்கள். மொழி அவர்களிடம் இருக்கிறது, எழுத்துத்தான் இல்லை. தில்லியில் புதிதாக எழுத்தறிந்தோருக்கு நாடகம் செய்த உதவியை, நம் பிள்ளைகளுக்கு உரக்கப் படிப்பது செய்யும். நானே அறிந்த ஒரு பையன், மாமா ஒருவர் வாரம் ஓர் அத்தியாயமாகப் படித்து வந்த கதை பாதியில் நின்றபோது, அவர் எப்போது ஊரிலிருந்து திரும்புவார் என்று காத்திருக்கப் பொறுமையின்றி எழுத்துக்களைக் கற்கத் தொடங்கினான். இதற்கு முன் அவனுக்கு வைத்த இரண்டு டியூஷன் வாத்தியார்களாலும் ஆகாத காரியம் அது.

இத்தகைய கூட்டத்தை வீட்டு மாடியிலேயே நடத்தலாமே, நூல் நிலையம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நடத்தலாம்; நடத்துகிறோம். ஆனால் வீட்டு மாடிக்கு அழைக்கப்பட்டவர்களே வருவார்கள். உத்தியோகஸ்தர் வீட்டுக்குக் கட்டடத் தொழிலாளி வரமாட்டார். சங்கத்தில் சந்தா கட்டாதவர் சங்கத்திற்கு வரத் தயங்குவார். பொது நூல் நிலையத்தின் கதவு எல்லாருக்கும் உரியது. 1949-இல் யுனெஸ்கோ வெளியிட்டு, கடைசியாக 2022-இல் திருத்திய பொது நூலக அறிக்கையும், மொழிச் சிறுபான்மையினருக்குத் தக்க சேவை தரப்பட வேண்டும் என்பதை வற்புறுத்துகிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓர் அறை, இரண்டு மணி நேரம் என்று விண்ணப்பித்துக் கேட்டால் மறுக்கும் நூலகர் சிலரே. இன்னொரு நன்மையும் உண்டு. கூட்டம் முடிந்ததும் நூல் அலமாரி பத்தடி தூரத்தில் இருக்கிறது.

எந்த நூல்களோடு தொடங்கலாம் என்பதற்கு என் சொந்த அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். வெளியூரில் இருப்பவர்களுக்கு ஊர் நினைவைத் தரும் கதைகளையே கொடுக்க வேண்டும் என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. காவிரிக்கரையும் கோபுரமும் வேண்டியவைதாம். ஆனால் நாம் வாழும் வாழ்க்கையையே எழுதிய தமிழ் நூல்கள் இருக்கும்போது அவற்றை விட்டுவிடுவானேன்? அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ 1977-இல் வெளிவந்தது. நிஜாம் ஆட்சியின் கடைசி நாட்களில், செகந்தராபாதில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்து இளைஞனின் கதை. ஊரே இரண்டு பட்டு நிற்கும்போது, வேற்று மொழிக்காரனாகிய அவன் எந்தப் பக்கம் நிற்பது என்ற கேள்வி நம்மில் பலருக்குப் புதிதல்ல. ஆதவனின் ‘காகித மலர்கள்’ தில்லியில் நிகழ்வது. நாஞ்சில் நாடனின் ‘மிதவை’ வேலை தேடிப் பம்பாய் வரை செல்லும் படித்த இளைஞனைப் பற்றியது. அந்த மாநகரில் ஒண்டுக் குடித்தனம் செய்தவர் எவரும் அதைப் பாதியில் வைக்கமாட்டார். இந்திரா பார்த்தசாரதியின் தில்லி நாவல்களைப் பிடிக்காது என்று சொல்பவர்களும் படித்துவிட்டுத்தான் சொல்கிறார்கள்.

இவற்றோடு, நாம் குடியேறிய நாட்டின் இலக்கியத்தைத் தமிழில் தரும் நூல்களையும் சேர்க்க வேண்டும். வங்காளத்தில் இருப்பவர் தாராசங்கர் பானர்ஜியின் ‘ஆரோக்கிய நிகேதனம்’ நாவலைத் த. நா. குமாரஸ்வாமியின் தமிழில் படிக்கலாம். கேரளத்தில் இருப்பவருக்குச் சுந்தர ராமசாமி மொழிபெயர்த்த ‘செம்மீன்’ இருக்கிறது. உருது மணம் வீசும் ஊர்களில் இருப்பவர்களுக்குக் குர்அதுலைன் ஹைதரின் ‘அக்னி நதி’யைச் சௌரி தமிழாக்கியிருக்கிறார். சாகித்திய அக்காதெமியும் நேஷனல் புக் டிரஸ்டும் இத்துறையில் செய்திருக்கும் தொண்டு பெரிது. அண்டை வீட்டுக்காரர் படித்து வளர்ந்த நாவலை நாமும் தமிழில் படித்திருக்கிறோம் என்று தெரிந்தால், படிக்கட்டில் நின்று பேசும் பேச்சின் தன்மையே மாறிவிடும். அத்தகைய நூலை எடுத்துக்கொண்டு இரு மொழியிலும் ஒரு கூட்டம் நடத்தினால், அவ்வூர் வாசகர்களும் வருவார்கள். அதன்பின் தமிழ் அலமாரியைக் கிடங்கிற்கு அனுப்ப நூலகருக்குக் கை வராது.

கடைசியாக, நூல் வேண்டுமென்று எழுதிக் கொடுப்பதைப் பற்றி. பெரும்பாலான பொது நூல் நிலையங்களில் இதற்கென ஒரு பதிவேடோ சீட்டோ இருக்கும். கேட்டால் எடுத்துத் தருவார்கள். வெறுமனே ‘நல்ல தமிழ் நாவல்கள் வேண்டும்’ என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், விலை, கிடைக்கும் இடம் ஆகியவற்றை எழுத வேண்டும். ஐ.எஸ்.பி.என். எண் நூலின் பின்னட்டையில் இருந்தால் அதையும் குறிக்க வேண்டும். நூலின் பெயரைத் தமிழ் எழுத்திலும், அவ்வூர் எழுத்திலும், ஆங்கில எழுத்திலும் எழுதிக் கொடுப்பது நல்லது. ஏனெனில் வாங்கும் உத்தரவைத் தயாரிக்கும் குமாஸ்தாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரிந்திருக்காது. ஒருவர் இருபது நூல்களைக் கேட்பதைவிட, இருபது பேர் தனித்தனியே ஒவ்வொரு நூலைக் கேட்பதற்குத் தேர்வுக் குழுவினரிடம் மதிப்பு அதிகம்.

நூல் வந்த பிறகும் அட்டவணையில் அதைத் தேடிப் பிடிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. தமிழ் நூற்பெயர்களை ஆங்கில எழுத்தில் பதியும்போது நம் ‘ழ’ படும் பாட்டைச் சொல்லி முடியாது. சில நிலையங்களில் அதற்கு ‘இஸட்’, ‘ஹெச்’ என்ற இரண்டு எழுத்துக்களைச் சேர்த்துப் போடுவார்கள். நூலகத் துறையின் முறைப்படி நடப்பவர்கள் ‘எல்’ எழுத்தின் கீழே ஒரு கோடிட்டுப் போடுவார்கள். கணிப்பொறியில் ஒரு விதமாகத் தேடி இல்லை என்று கண்டால், நூலே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மற்ற விதத்திலும் தேடிப் பாருங்கள். அதிலும் கிடைக்காவிட்டால், கிடங்கில் ஏதேனும் தமிழ்க் கட்டுகள் இருக்கின்றனவா என்று நூலகரை ஒரு முறை விசாரியுங்கள்.